கத்தினா மேல கேட்குமா? சாட்டிலைட்டும் சின்னக் கருவிகளும்

ஆடியோவா கேட்கறதைவிடப் படிக்கறதுதான் வசதின்னு சொல்றவங்களுக்காக, இந்த எபிசோடோட எழுத்து வடிவம் இது. நடுவுல நான் விட்ட இருமல், ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு "ஆக்சுவலா", பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் எல்லாத்தையும் வெட்டியாச்சு.

2024-ல ஒரு செய்தி வந்தது. ஹப்பிள் நெட்வொர்க்னு சியாட்டில்ல ஒரு சின்ன கம்பெனி. தரையில இருக்கற ஒரு சாதாரண ப்ளூடூத் சிப் அனுப்பின சிக்னலை, 600 கிலோமீட்டர் உயரத்துல பறக்கற அவங்க சாட்டிலைட் பிடிச்சிருச்சு. ப்ளூடூத்! ஹால்ல போனை வெச்சுட்டு பாத்ரூம் போனா இயர்பட்ஸ்ல பாட்டு அறுந்து போற அதே ப்ளூடூத்.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இயர்பட்ஸ் வேலை செய்யற தூரம் 10 மீட்டர்னு வெச்சுக்குங்க. 600 கிலோமீட்டர்னா அதைவிட 60,000 மடங்கு. தூரம் ரெண்டு மடங்கானா சிக்னலோட பலம் நாலுல ஒண்ணா குறையும், மூணு மடங்கானா ஒன்பதுல ஒண்ணு. அந்தக் கணக்குல 60,000 மடங்குக்கு, 360 கோடியில ஒரு பங்குதான் மேல போய்ச் சேரும். அந்த மிச்சத்தைத்தான் சாட்டிலைட் பிடிக்குது. நடுவுல சுவர் இல்ல, பீரோ இல்ல, மனுஷங்க இல்ல. மேல இருக்கற ஆன்டெனா பெருசு. சத்தத்துக்குள்ள இருந்து சிக்னலைப் பிரிச்செடுக்கற சாஃப்ட்வேர் அதைவிடப் பெருசு. கீழே இருக்கற சிப் ஒண்ணுமே மாறல.

இதைப் படிச்சதும் எனக்கு ஆச்சரியத்தைவிட ஒரு சந்தேகம்தான் முதல்ல வந்தது. கேட்கறது சரி. யார் பேசறாங்கன்னு எப்படித் தெரியும்? எங்கிருந்துன்னு? பேசினவங்களுக்கு, "உன் குரல் கேட்டுச்சு"ன்னு யார் போய்ச் சொல்வாங்க? தேடிப் படிக்க ஆரம்பிச்சப்பதான் தெரிஞ்சது, இந்தக் கேள்விகளோட வயசு அறுபதுக்கு மேல. அதுக்கு பதில் கண்டுபிடிக்க ஆன காலத்துல நிறைய பேர் செத்துப் போயிருக்காங்க. அந்தக் கதைதான் இன்னைக்கு.

1957 அக்டோபர் 4. சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. அடுத்த திங்கட்கிழமை, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில், வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் மதிய சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்புட்னிக் 20 மெகாஹெர்ட்ஸில் 'பீப் பீப்'னு அனுப்பிக்கிட்டே சுத்துது, நம்மகிட்ட ரிசீவர் இருக்கு, கேட்டுப் பார்த்தா என்ன? அவ்வளவுதான் ஆரம்பம். யாரும் சொல்லிச் செய்த வேலை இல்லை.

கேட்டார்கள். டேப்பில் பதிவு செய்தார்கள். சாட்டிலைட் நெருங்கும்போது சுருதி கொஞ்சம் ஏறியிருந்தது, தாண்டிப் போகும்போது இறங்கியது. லெவல் கிராசிங்ல நிக்கும்போது ஹார்ன் அடிச்சுக்கிட்டே ரயில் உங்களைக் கடந்து போச்சுன்னா, கடக்கற நொடியில சத்தம் 'ஈஈ'ன்னு இருந்து 'ஊஊ'ன்னு இறங்கும் இல்லையா, அதேதான். டாப்ளர் விளைவு. பிளஸ் டூ புத்தகத்துல மூணு மார்க் கேள்வியா வந்து, நாமெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு மறந்த சமாசாரம்.

அவங்க அதை மறக்கல. அந்த இறக்கம் எவ்வளவு செங்குத்தா இருக்குன்னு பார்த்தா, சாட்டிலைட் எவ்வளவு தூரத்துல கடந்து போச்சுன்னு தெரியும். சுருதி சரியா நடுவுக்கு வர்ற நொடியில அது ரொம்பப் பக்கத்துல இருக்கு. இந்த ஒரு வளைகோட்டை வைத்தே ஸ்புட்னிக்கின் முழுப் பாதையையும் கணக்குப் போட்டுவிட்டார்கள். 1958 மார்ச்சில் அதே ஆய்வகத்தின் ஃபிராங்க் மெக்ளூர் அதைத் தலைகீழாகக் கேட்டார். கீழே இருந்து கேட்டு மேலே இருப்பதைக் கண்டுபிடிக்க முடியும்னா, சாட்டிலைட்டின் பாதை தெரிந்திருக்கும்போது, கீழே இருப்பவர் தான் எங்கே இருக்கிறோம்னு கண்டுபிடிக்க முடியாதா? முடியும். அதிலிருந்துதான் அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளுக்காக டிரான்சிட் என்ற அமைப்பு வந்தது. ஜிபிஎஸ்ஸுக்கு முன்னோடி.

இந்தத் தலைகீழ் கேள்வியை இன்னொரு முறையும் திருப்பலாம். கீழே ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் கத்துது. மேலே சாட்டிலைட் கேட்குது. சுருதி ஏறி இறங்கறதை வெச்சு, கத்தற ஆள் எங்கேன்னு சாட்டிலைட் பக்கம் இருக்கறவங்க கண்டுபிடிக்கலாம். கத்தறவருக்கு ஜிபிஎஸ் வேண்டாம், அறிவு வேண்டாம், கத்தத் தெரிஞ்சா போதும்.

ஆனா கத்தறவங்க யாரு?

1967 மார்ச். கலிபோர்னியாவின் பனி மூடிய மலைகளில் ஒரு சிறு விமானம் விழுந்தது. ஒரு தம்பதியும், அந்த அம்மாவின் பதினைந்து வயது மகளும். மூன்று பேரும் விழுந்த உடனே சாகவில்லை. தேடுதல் விமானங்கள் தேடின, கண்டுபிடிக்கவில்லை, தேடுவதை நிறுத்தினார்கள். அந்த அக்டோபரில் ஒரு வேட்டைக்காரர் உடைந்த விமானத்தைப் பார்த்தார். உள்ளே அந்தப் பெண் எழுதிய குறிப்புகள் இருந்தன. அவள் குறைந்தது 54 நாள் உயிரோடு இருந்திருக்கிறாள். தன்னுடைய பதினாறாவது பிறந்தநாளை அங்கேயே கடந்திருக்கிறாள்.

54 நாள். நான் இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்திட்டேன், ஆடியோவுல கேட்டவங்களுக்குத் தெரியும்.

அந்தக் குறிப்புகள் செய்தியானபிறகு அமெரிக்காவில் ஒரு கோரிக்கை வலுத்தது: சிறு விமானங்களில் மோதிய அதிர்ச்சியில் தானாகவே இயங்கும் ஒரு ரேடியோ இருக்க வேண்டும். 1970-ல் சட்டம் வந்தது. அவசர இருப்பிட டிரான்ஸ்மிட்டர், சுருக்கமா ஈ.எல்.டி. 121.5 மெகாஹெர்ட்ஸில் சைரன் மாதிரி ஓர் ஊளை, அவ்வளவுதான். ஆனா அரசாங்கம் எப்பவும் போல, பொருத்தறதுக்கு 1973 கடைசி வரைக்கும் அவகாசம் கொடுத்தது.

அந்த இடைவெளியில்தான் அது நடந்தது. 1972 அக்டோபர் 16. அலாஸ்காவில் ஆங்கரேஜிலிருந்து ஜூனோவுக்குக் கிளம்பிய ஒரு செஸ்னா காணாமல் போனது. அதில் இருந்தவர்களில் இருவர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள். ஒருவர் அலாஸ்காவின் நிக் பெகிச். இன்னொருவர் ஹேல் பாக்ஸ், அப்போது கீழவையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர். 39 நாள் தேடினார்கள். இன்றுவரை ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. விமானத்தில் ஈ.எல்.டி. இல்லை என்பது விசாரணையில் தெரியவந்தது.

இதுல ஒரு தேதி என்னைத் தூங்க விடல. அதுக்கு முந்தின நாள், அக்டோபர் 15 அன்னைக்குத்தான், அமெச்சூர் ரேடியோக்காரங்க சேர்ந்து செஞ்ச ஆஸ்கர்-6 என்ற குட்டி சாட்டிலைட் விண்ணுக்குப் போனது. ஹாம் ரேடியோ ஆட்கள் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கறதுக்காக, ஆர்வத்துல செஞ்சது. சில வருஷம் கழித்து கனடாவின் ஆராய்ச்சியாளர்கள் அதே ஆஸ்கர்-6ஐ வைத்துத்தான், தரையில் இருக்கும் அவசர டிரான்ஸ்மிட்டர் ஒன்றின் இடத்தைச் சாட்டிலைட் வழியாகக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டினார்கள். பொழுதுபோக்கா நாலு பேர் சேர்ந்து கட்டின ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி மேலதான் உலகம் ஓடுதுன்னு நம்ம துறையில சொல்வோம்ல, விண்வெளியிலயும் அப்படித்தான்.

சரி, ஒரு நிமிஷம் வேற பக்கம் போயிட்டு வருவோம். ஆபத்துல இருக்கற விமானம் ஒரு பக்கம்னா, அதே காலத்துல விஞ்ஞானிகளுக்கு வேற மாதிரியான சின்னக் கருவிகளைக் கேட்கணும்னு ஆசை. கடல்ல மிதக்கற மிதவை, பலூன், மிருகங்கள்.

1970-ல் அமெரிக்காவின் வயோமிங்கில் ஒரு பெண் எல்க் மானின் கழுத்தில் ஒரு பட்டையைக் கட்டினார்கள். நாசாவின் நிம்பஸ்-3 சாட்டிலைட் அந்த மானைப் பின்தொடர வேண்டும். பட்டையின் எடை 10 கிலோவுக்கு மேல்! பாவம் அந்த மான். அவ்வளவு எடைக்கு ஒரு காரணம் அந்த அமைப்பின் வடிவம். சாட்டிலைட் மேலிருந்து "நீ எங்கே இருக்கே?"ன்னு கேட்கும், கீழே உள்ள கருவி அதைக் கேட்டுப் பதில் சொல்லணும். அப்போ டிரான்ஸ்மிட்டர் மட்டும் பத்தாது, ரிசீவர் வேணும், ரெண்டுக்கும் பேட்டரி வேணும்.

1971-ல் பிரான்ஸ் அனுப்பிய ஈயோல் சாட்டிலைட்டும் இதே கேள்வி பதில் முறைதான். அர்ஜென்டினாவிலிருந்து கிளப்பிய சுமார் ஐந்நூறு பலூன்களிடம் அது பேசியது. கட்டளை கொடுத்தால் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் வசதியும் பலூன்களில் இருந்தது. கதை எங்கே போகுதுன்னு புரியுதா? ஒரு தவறான கட்டளை மேலே போனது. எழுபதுக்கும் மேற்பட்ட பலூன்கள் அழிந்தன. புரொடக்‌ஷன் டேட்டாபேஸ்ல டெலீட் ஓடவிட்ட கதைகள் நம்ம ஊர்ல நிறைய உண்டு. அவங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன் இதுதான்.

1975-ல் வந்த நிம்பஸ்-6 அந்த முறையை மாற்றியது. கீழே இருக்கும் கருவி எதையும் கேட்க வேண்டாம். ஒரு நிமிஷத்துக்கு ஒருமுறை, தோன்றிய நேரத்தில், ஒரு நொடி கத்திவிட்டுத் தூங்கிப் போகலாம். ரெண்டு பேர் ஒரே நேரத்துல கத்தி மோதிக்கிட்டா? பரவாயில்ல, அடுத்த தடவை மோதாது. மேல இருக்கற சாட்டிலைட் டாப்ளரை வெச்சு இடத்தைக் கணக்குப் போட்டுக்கும். எனக்கு இந்த ஐடியா ரொம்பப் பிடிச்சது. கஷ்டத்தை எல்லாம் ஒரே இடத்துல, மேல, குவிச்சுட்டு, கீழே இருக்கற ஆயிரக்கணக்கான கருவிகளை எளிமையா விட்டுட்டாங்க. இன்னைய ஐஓடி சாதனங்கள் பலதும் இதே தத்துவத்துலதான் ஓடுது.

1977-ல் அட்லாண்டிக் கடலைப் பலூனில் கடக்க முயன்ற இரண்டு அமெரிக்கர்கள் ஐஸ்லாந்து பக்கம் கடலில் விழுந்தபோது, அவர்கள் கையில் இருந்த கருவியின் குரலை நிம்பஸ்-6 கேட்டதும் அவர்களை மீட்க உதவியது. 1978-ல் தொடங்கி இன்றுவரை ஓடும் ஆர்கோஸ் அமைப்பு இதன் வாரிசு. 2013-ல் நாகாலாந்தின் பங்தி கிராமத்தில் அமூர் வல்லூறுகளின் முதுகில் கட்டிய கருவி ஞாபகம் இருக்கா? நாகா, வோக்கா, பங்தின்னு பேர் வெச்சாங்களே, அரபிக் கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் பறந்ததே. அந்தக் கருவியோட எடை 5 கிராம். பத்து கிலோவிலிருந்து அஞ்சு கிராம்.

ஆனா ஒண்ணு கவனிங்க. எடை குறைஞ்சதுக்குக் கொடுத்த விலை, காது. கருவிக்கு இப்போ வாய் மட்டும்தான் இருக்கு. தான் பேசினது யாருக்காவது கேட்டுச்சான்னு அதுக்குத் தெரியவே தெரியாது. பறவைக்கு அதனால ஒரு நஷ்டமும் இல்லை. மனுஷனுக்கு? அங்கே பிறகு வர்றேன்.

இப்போ திரும்ப விமானங்களுக்கு. 1979-ல் லெனின்கிராடில் நாலு நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன: அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் யூனியன். ஆபத்தில் இருப்பவரின் குரலை யாருடைய சாட்டிலைட் கேட்டாலும் தகவலைப் பகிர்ந்துகொள்வது என்று முடிவு. சோவியத் பக்கம் கோஸ்பாஸ், மற்ற மூவர் பக்கம் சார்சாட். அடுத்த மாதமே சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸை அமெரிக்கா புறக்கணித்தது. ரெண்டு பக்கமும் ஏவுகணைகளை நீட்டிக்கிட்டு நின்ன காலம். இந்த ஒப்பந்தம் மட்டும் உடையல. அரசியல்வாதிகள் மறந்துட்டாங்களோ என்னமோ.

1982 ஜூன் 30 அன்று முதல் சாட்டிலைட் போனது. சோவியத்தின் கோஸ்பாஸ்-1. சோதனை ஓட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, செப்டம்பர் 9 அன்று, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைக்காட்டில் ஒரு சிறு விமானம் விழுந்தது. காணாமல் போயிருந்த இன்னொரு விமானத்தைத் தேடிப் போனவர்கள் அவர்கள். மூன்று பேருக்கும் காயம். அவர்களின் ஈ.எல்.டி. ஊளையிட்டது. சோவியத் சாட்டிலைட் அதைக் கேட்டு, ஒட்டாவா பக்கத்தில் இருந்த தரைநிலையத்துக்கு இறக்கியது. வளைகோட்டை வைத்து இடத்தைக் கணக்குப் போட்டார்கள். அடுத்த நாள் மூவரும் மீட்கப்பட்டார்கள். பனிப்போரின் நடுவில், கம்யூனிஸ்ட் சாட்டிலைட் ஒன்று மூன்று கனடாக்காரர்களைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து இந்த அமைப்பின் உதவியால் மீட்கப்பட்டவர்கள் உலகம் முழுக்க 60,000 பேருக்கும் மேல்.

இங்கேயே கதையை முடிச்சா நல்ல சினிமா. ஆனா ஒரு பெரிய ஓட்டை இருந்துச்சு. 121.5 மெகாஹெர்ட்ஸ் ஊளையில பேர் கிடையாது. எல்லாக் கருவியும் ஒரே குரல்ல கத்தும். அது விமானமா, கப்பலா, கீழே விழுந்த கருவியா, கருவியே இல்லையா, ஒண்ணும் தெரியாது.

கருவியே இல்லையான்னா? ஏடிஎம் மெஷின், பீட்சா அடுப்பு, ஸ்டேடியத்தின் ஸ்கோர்போர்டு, இதெல்லாம் அந்த அலைவரிசையில் சிக்னல் கசியவிட்டு, தேடுதல் குழுக்களை அலைய வைத்திருக்கின்றன. 2004-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு கல்லூரி மாணவரின் வீட்டுக் கதவை அதிகாரிகள் வந்து தட்டினார்கள். அவர் அறையில் இருந்த டிவி, சாட்டிலைட் வரைக்கும் எட்டும் ஆபத்து சிக்னலை ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. கேட்கச் சிரிப்பா இருக்கு. ஆனா 121.5-ல வந்த எச்சரிக்கைகளில் நூற்றுக்கு இரண்டு அளவுக்குத்தான் நிஜமான ஆபத்துன்னு அமெரிக்க அதிகாரிகள் கணக்கு சொன்னாங்க. மானிட்டரிங் டாஷ்போர்டு பார்த்திருக்கறவங்களுக்கு இது எவ்வளவு பயங்கரம்னு புரியும். ராத்திரி மூணு மணிக்கு அடிக்கற அலாரம்ல தொண்ணூத்தெட்டு பொய்னா, நிஜமான ரெண்டுக்கும் நீங்க போர்வையை இழுத்துத்தான் போர்த்திப்பீங்க.

அதுக்குத் தீர்வா வந்தது 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன். ஊளைக்குப் பதில், சுமார் 50 விநாடிக்கு ஒருமுறை, அரை விநாடி நீளத்துக்கு ஒரு டிஜிட்டல் செய்தி. அதில் அந்தக் கருவிக்கே உரிய ஓர் அடையாள எண், எந்த நாட்டில் பதிவானது என்ற எண். இந்தியாவுக்கு 419. எச்சரிக்கை வந்ததும் மீட்பு மையம் செய்யும் முதல் வேலை ஹெலிகாப்டரைக் கிளப்புவது இல்லை, பதிவேட்டில் இருக்கும் நம்பருக்கு போன் போடுவது. "சார், உங்க படகு பத்திரமா இருக்கா?" கொட்டகையில தவறி விழுந்து ஆன் ஆன கருவின்னா கதை அங்கேயே முடிஞ்சுது.

2009 பிப்ரவரி 1 முதல் 121.5 ஊளையைக் கேட்பதைச் சாட்டிலைட்கள் நிறுத்திவிட்டன. பேர் சொல்லாதவங்க குரலுக்கு இனி காது இல்லை. யாருன்னு தெரிஞ்சாத்தான் காப்பாத்த முடியும்ங்கறது நியாயம். யாருன்னு தெரிஞ்சா கண்காணிக்கவும் முடியும். கப்பல்கள் தங்கள் பெயரையும் இடத்தையும் ஒலிபரப்பும் ஏஐஎஸ்ஸையே எடுத்துக்குங்க. பக்கத்துல வர்ற கப்பல் மோதாம இருக்கறதுக்காகச் செஞ்சது. அதை மேலிருந்து கேட்க வந்த நார்வேயின் ஏஐஎஸ்சாட்-1, 2010 ஜூலையில் நம்ம ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.யில்தான் போனது. நல்ல மீன் கிடைக்கற இடத்தை ஊருக்கே சொல்லிடுமேன்னு ஏஐஎஸ்ஸை அணைச்சு வைக்கற படகுகள் உலகம் பூரா உண்டு. நாளைக்கு ஒவ்வொரு ப்ளூடூத் சிப்பையும் மேலிருந்து கேட்க முடியும்னா, அந்தப் படகுக்காரரோட கவலை நம்ம எல்லாருக்கும் வரும். எனக்கு இப்பவே கொஞ்சம் வந்தாச்சு.

பி.எஸ்.எல்.வி.ன்னு சொன்னதும் ஒரு கொசுறு. 2018 ஜனவரியில் அதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஸ்பேஸ்பீ என்ற நாலு குட்டி சாட்டிலைட்கள் போயின. தரையில் இருக்கும் ஐஓடி கருவிகளுக்காக ஸ்வார்ம் என்ற அமெரிக்க கம்பெனி செய்தது. சாட்டிலைட் ரொம்பச் சின்னது, தரையிலிருந்து கண்காணிக்க முடியாதுன்னு அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் அனுமதி மறுத்திருந்தது. அதையும் மீறி அனுப்பிவிட்டார்கள். 9 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. சின்னக் கருவிகளைக் கேட்கப் போன சாட்டிலைட், தானே கண்ணுல படாத அளவுக்குச் சின்னது!

இனி நம்ம கடலுக்கு வருவோம்.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலுக்குப் பேர்போனவர்கள். கிளம்பினால் நாள்கணக்கில் கடலிலேயே தங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே போய்ச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். படகில் இருந்த வயர்லெஸ் செட் சில பத்து கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. செல்போன் கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே செத்துவிடும். புயல் சில மணி நேரத்தில் வலுத்தது. எச்சரிக்கை அவர்களைப் போய்ச் சேரவில்லை, அவர்கள் குரல் கரைக்கு வரவில்லை. தமிழ்நாடு, கேரளா இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கணக்கான பேர் திரும்பவில்லை. கடற்கரை ஊர்களில் பெண்கள் நாள்கணக்கில் காத்திருந்தார்கள். ஊர்க்காரர்களே தங்கள் படகுகளை எடுத்துக்கொண்டு தேடிப் போனார்கள்.

1967-ல் அந்தப் பெண்ணுக்கு நடந்ததும் இதுவும் எனக்கு ஒண்ணாவே தெரியுது. நடுவுல அம்பது வருஷம், நூத்துக்கணக்கான சாட்டிலைட். இந்தியா அப்போதே கோஸ்பாஸ்-சார்சாட்டில் உறுப்பினர். பெங்களூரில் இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையம் இரவு பகலாக இயங்கிக்கொண்டிருந்தது. மீனவர்களுக்காகவே இஸ்ரோ வடிவமைத்த டிஏடி என்ற அபாய அறிவிப்புக் கருவி 2010 முதல் புழக்கத்தில் இருந்தது. படகு மூழ்குது, தீப்பிடிச்சிருச்சு, ஆள் கடல்ல விழுந்துட்டார், மருத்துவ உதவி வேணும், இப்படி ஆபத்தின் வகைக்கேற்ற பட்டன்கள். அழுத்தினால் இடமும் அடையாளமும் இன்சாட் வழியாக பெங்களூருக்குப் போகும், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்கு. ஆனா பல படகுகளில் அது இல்லை. மேல காது இருந்துச்சு, படகுல வாய் இல்லை.

இருந்த படகுகளுக்கும் ஒரு கஷ்டம். இந்தக் கருவிக்கும் வாய் மட்டும்தான். ராத்திரி, அலை படகைத் தூக்கி அடிக்குது, இன்ஜின் நின்னு போச்சு. நீங்க பட்டனை அழுத்தறீங்க. அப்புறம்? ஒரு பதிலும் வராது. போய்ச் சேர்ந்துச்சா, ஆன்டெனா உடைஞ்சிருக்கா, பெங்களூர்ல யாராவது பார்த்தாங்களா, ஆள் கிளம்பியாச்சா? படகோட இருக்கறதா, கேனைப் பிடிச்சுக்கிட்டு குதிக்கறதா? அந்த முடிவை எடுக்க வேண்டிய ஆளுக்குத் தேவையான ஒரே தகவல், "கேட்டுச்சு".

நாங்க எழுதற எந்த கோடுலயும், ஒரு சர்வர் இன்னொரு சர்வருக்குச் செய்தி அனுப்பினா அக்னாலெட்ஜ்மென்ட் வரணும். வரலைன்னா திரும்ப அனுப்பும். பிரியாணி ஆர்டர் பண்ணாக்கூட "ஆர்டர் ஏற்கப்பட்டது"ன்னு பச்சை டிக் வருது. உயிருக்குப் போராடறவனுக்கு அந்த டிக்கைக் கொடுக்க 2020 வரைக்கும் ஆச்சு. அந்த வருஷம் ஜனவரியில் ஐரோப்பாவின் கலிலியோ சாட்டிலைட்கள், 406 பீக்கனுக்குப் பதில் செய்தி அனுப்பும் சேவையைத் தொடங்கின. உன் குரல் கேட்டுவிட்டது என்று கருவியில் ஒரு விளக்கு எரியும்.

நம்ம ஊரில், டிஏடியின் இரண்டாம் தலைமுறையை இஸ்ரோ 2024 ஜனவரியில் அறிவித்தது. அப்போதே 20,000-க்கும் மேற்பட்ட பழைய கருவிகள் புழக்கத்தில் இருந்தன. புதியதில் பட்டனை அழுத்தினால், மையத்தில் செய்தி கிடைத்ததும் நாவிக் சாட்டிலைட் வழியாகப் படகுக்கே பதில் வரும். புயல் எச்சரிக்கையும் அதே வழியில் வரும். அதே வருஷம் ஆகஸ்டில், ஒரு லட்சம் மீன்பிடிக் கலங்களில் 364 கோடி ரூபாய் செலவில் இருவழி டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. அந்த டிரான்ஸ்பாண்டர் மீனவரின் போனோடு எதன் வழியா பேசுது தெரியுமா? ப்ளூடூத்.

இதைக் குறை சொல்லாம ஏத்துக்க எனக்கு மனசு வரல. ஒக்கிக்கும் இதுக்கும் நடுவுல ஆறு வருஷத்துக்கு மேல. தொழில்நுட்பம் கஷ்டம்னு சொல்ல முடியாது, 1971-லயே பலூனுக்குக் கீழ்நோக்கிக் கட்டளை அனுப்பத் தெரிஞ்சிருந்துச்சு, அதை வெச்சு எழுபது பலூனை அழிக்கவும் தெரிஞ்சுது. மீனவர் கையில் இருக்கற கருவிக்கு ஒரு வார்த்தை திரும்ப அனுப்பறது யாரோட பட்டியல்லயும் மேல வரல, அவ்வளவுதான். கருவி கொடுத்தபிறகும் வேலை இருக்கு. பதிவேட்டில் இருக்கும் போன் நம்பர் மாறியிருக்கும், படகு கை மாறியிருக்கும், பேட்டரி காலாவதி ஆகியிருக்கும். 406 வந்த கதையில பார்த்தோம்ல, அந்தப் பதிவேடு சரியா இல்லைன்னா அடையாள எண் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஒரு நடைமுறைத் தகவலையும் சொல்லிடறேன், ட்ரெக்கிங் போற நண்பர்கள் கேட்டிருந்தீங்க. வெளிநாட்டுல விக்கற சாட்டிலைட் மெசேஜிங் கருவிகளை, சாட்டிலைட் போனை, இந்தியாவுல உரிமம் இல்லாம வெச்சிருக்கக் கூடாது. விஷயம் தெரியாம பையில போட்டுக்கிட்டு வந்த வெளிநாட்டுப் பயணிகளை ஏர்போர்ட்லயே தடுத்து வெச்சிருக்காங்க. ஆன்லைன்ல ஆஃபர்ல வந்திருக்குன்னு வாங்கிடாதீங்க.

கடலோர ஊர்களிலிருந்து நம்ம எபிசோடுகளைக் கேட்கறவங்க கொஞ்சம் பேர் இருக்கீங்கன்னு தெரியும். உங்க வீட்டுப் படகுல டிஏடியோ டிரான்ஸ்பாண்டரோ இருக்கா? பட்டனை அழுத்த வேண்டி வந்துச்சா? திரும்பப் பதில் வந்துச்சா, வர எவ்வளவு நேரம் ஆச்சு? உங்க அப்பாவையோ அண்ணனையோ ரெண்டு நிமிஷம் பேசச் சொல்லி ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பின்னால இன்ஜின் சத்தம் வந்தாலும் பரவாயில்ல, அதை மட்டும் வெட்ட மாட்டேன். அடுத்த எபிசோடை அந்தக் குரல்களோட ஆரம்பிக்கலாம்.